வட்டத்தின் நடுவே வெளிநாட்டு ஆசிரியர்

 

சீனாவில் ஒரு பல்கலைக்கழகத்துக்கோ ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கோ ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகிறவரின் ஒப்பந்தத்தில், வாரத்துக்கு இத்தனை வகுப்பு என்று எழுதியிருக்கும். அதற்குக் கீழே, மாணவர்களின் ஆங்கிலப் பேச்சுக்கு உதவும் வெளி நிகழ்ச்சிகளிலும் கலந்துகொள்ள வேண்டும் என்ற பொருளில் இன்னொரு வரி பெரும்பாலும் இருக்கும். லண்டனில் பிறந்து வளர்ந்த, என் தோழி ஒருவரின் மகள் இப்படியொரு ஒப்பந்தத்தை அனுப்பிவிட்டு, "வகுப்பு எடுப்பது புரிகிறது மாமா. இந்த வெளி நிகழ்ச்சி என்றால் என்ன? யார் வருவார்கள்? அங்கே நான் என்ன பேசுவது?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே சொல்கிறேன்.

அந்த நிகழ்ச்சிகளில் தலையாயது ‘இங்கிலீஷ் கார்னர்’. வாரத்தில் ஒருநாள், குறித்த நேரத்தில், பூங்காவிலோ கல்லூரி வளாகத்திலோ கூடுவார்கள். கட்டணம் கிடையாது, வருகைப் பதிவு கிடையாது, பாடப்புத்தகம் கிடையாது. வந்தவர்கள் ஆங்கிலத்தில் பேச வேண்டும், அவ்வளவே. ஷாங்காயின் மக்கள் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிய கூட்டமும், பெய்ஜிங்கின் ரென்மின் பல்கலைக்கழகத்தில் வெள்ளி மாலைகளில் கூடிய கூட்டமும் நாடறிந்தவை.

இது எப்படித் தொடங்கியது என்பதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். 1950-களில் சீனாவில் முதன்மையான அயல்மொழி ரஷ்யன். 1960-களில் மாஸ்கோவோடு உறவு முறிந்தது. அடுத்து வந்த கலாச்சாரப் புரட்சியில் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வே நின்றுபோனது. 1977 டிசம்பரில் அந்தத் தேர்வு மீண்டும் நடந்தபோது, பத்தாண்டுக் காலமாக வயல்களிலும் ஆலைகளிலும் காத்திருந்தவர்கள் முண்டியடித்துக்கொண்டு எழுதினார்கள். மறு ஆண்டே நாடு வெளியுலகுக்குக் கதவைத் திறக்கத் தொடங்கியது. 1983 முதல் நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்தின் மதிப்பெண் முழுமையாகச் சேர்க்கப்பட்டது.

ஆங்கிலம் வேண்டும் என்ற தவிப்பு வந்துவிட்டது. பேசிப் பார்க்கத்தான் ஆளில்லை. அந்த வெற்றிடத்தில்தான் பூங்காக் கூட்டங்கள் முளைத்தன. பொறியாளர், ஆலைத் தொழிலாளி, கல்லூரி மாணவி, 1949-க்கு முன்பு மிஷன் கல்லூரியில் படித்து ஆங்கிலத்தை மறக்காமல் வைத்திருந்த முதியவர் எனப் பலவகை மனிதர்கள் மரத்தடியில் நின்று தமக்குள்ளேயே பேசிப் பழகினார்கள். 1982-இல் சீன மத்தியத் தொலைக்காட்சி பி.பி.சி.யின் ‘ஃபாலோ மீ’ தொடரை ஒளிபரப்பியது. அதை வழங்கிய கேத்தி ஃப்ளவர் என்ற ஆங்கிலேயப் பெண்மணி நாடு முழுவதும் அறிந்த முகமானார். ஆனால் திரையில் வருபவரோடு பேச முடியாதே. அதற்குப் பூங்காதான் வேண்டியிருந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். இந்த ஏற்பாடு தொடங்கியபோது அதன் நடுவே வெளிநாட்டவர் யாரும் இல்லை. எப்போதாவது ஒரு சுற்றுலாப் பயணி வழிதவறி வந்தால் பெரிய அதிர்ஷ்டம், அவ்வளவுதான். வெளிநாட்டு ஆசிரியர் பிற்பாடு வந்து சேர்ந்தவர். இது முக்கியமான செய்தி. பல கல்லூரி நிர்வாகங்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துவைத்திருப்பதால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

அந்தக் காலத்துத் தவிப்புக்கு ஒரு சான்று ஹாங்சோ நகரில் இருக்கிறது. 1964-இல் பிறந்த மா யுன் என்ற சிறுவன், மேற்கு ஏரிப் பக்கம் வெளிநாட்டவர் தங்கும் ஹோட்டலுக்குச் சைக்கிளில் போய், அவர்களுக்குக் காசு வாங்காமல் ஊரைச் சுற்றிக்காட்டினான். அவன் கேட்ட கூலி, ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே நடப்பது. ஒன்பது ஆண்டுகள் இப்படிச் செய்ததாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். 1980-இல் ஆஸ்திரேலியாவின் நியூகாஸிலிலிருந்து வந்த மோர்லி குடும்பம் அவனுக்குப் பழக்கமாயிற்று. ஊர் திரும்பிய பின்பும் கடிதப் போக்குவரத்து தொடர்ந்தது. குடும்பத் தலைவர் கென் மோர்லி, வரிகளுக்கிடையே இடம்விட்டு எழுதும்படி அந்தப் பையனிடம் சொன்னார். அந்த இடைவெளியில் பிழைகளைத் திருத்தி, அதே தாளைத் தம் பதிலோடு திருப்பி அனுப்பினார். 1985-இல் மோர்லி குடும்பத்தார் மா யுன்னைத் தங்கள் வீட்டுக்கே அழைத்தார்கள். நுழைவுத் தேர்வில் இரண்டு முறை தோற்று, பிறகு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்து, ஆங்கில விரிவுரையாளராக வேலை பார்த்து, 1999-இல் அலிபாபா நிறுவனத்தைத் தொடங்கிய ஜாக் மா அவர்தான். 2017-இல் நியூகாஸில் பல்கலைக்கழகத்தில் மா-மோர்லி பெயரில் ஓர் உதவித்தொகைத் திட்டத்தை ஏற்படுத்தினார்.

எல்லோரும் ஜாக் மா ஆகிவிடப் போவதில்லை. நான் சொல்ல வந்தது அந்த வரியிடைத் திருத்தத்தைப் பற்றி. கென் மோர்லி பாடம் நடத்தவில்லை. பையன் சொல்ல விரும்பியதை அவனையே சொல்லவிட்டார். சொல்லி முடித்த பிறகு, அவனுடைய வாக்கியத்தின் மேலேயே திருத்தினார். வகுப்புக்கு வெளியே நடக்கும் மொழிப் பயிற்சியில் இதைவிடச் சிறந்த முறையை நான் அறியேன்.

இனி வகுப்பறைக்கு வருவோம். சீனக் கல்லூரிகளில் இலக்கணம், வாசிப்பு, தேர்வுப் பயிற்சி ஆகியவற்றைச் சீன ஆசிரியர்களே பார்த்துக்கொள்வார்கள். வெளிநாட்டு ஆசிரியருக்குக் கொடுப்பது பெரும்பாலும் பேச்சு ஆங்கிலம். 1987 முதல் நடந்துவரும் கல்லூரி ஆங்கிலத் தேர்வின் நான்காம் நிலையைத் தேறுவதுதான் மாணவருக்குத் தலைபோகிற காரியம். அதில் பேச்சுக்கு இடமில்லை, பேச்சுத் தேர்வு தனியாக நடக்கும். ஆயிரக்கணக்கான சொற்கள் தெரிந்தும், கடினமான கட்டுரையைப் படித்துப் புரிந்துகொண்டும், எதிரே நிற்பவரிடம் நான்கு வாக்கியம் பேச வராத நிலைக்கு ‘ஊமை ஆங்கிலம்’ என்றே அங்கே பெயர் வைத்திருக்கிறார்கள்.

1990-களில் லி யாங் என்பவர் இதற்கு ஒரு மருந்து சொன்னார்: கத்து. ‘கிரேஸி இங்கிலீஷ்’ என்ற பெயரில், விளையாட்டரங்கம் நிறையக் கூட்டத்தைச் சேர்த்து, உரத்த குரலில் ஆங்கில வாக்கியங்களைக் கத்தவைத்தார். கூச்சம் போக அது சிலருக்கு உதவியிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் நாம் கத்தியதற்கு எதிரிலிருந்து பதில் வருவதில்லை. பதில் வராத இடத்தில் உரையாடல் எங்கிருந்து வரும்?

கல்லூரி வகுப்பின் கணக்கைப் பாருங்கள். ஐம்பது மாணவர், ஐம்பது நிமிட வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் பாதி நேரம் பேசினால், மிச்சத்தைப் பங்கிட ஆளுக்கு அரை நிமிடம். வாரத்துக்கு இரண்டு வகுப்பு என்றால் ஒரு நிமிடம். ஒரு பருவம் முழுக்க வந்தாலும் அரை மணி நேரம்கூட ஒரு பிள்ளையின் வாயில் ஆங்கிலம் புரளாது. அதனால்தான் வகுப்புக்கு வெளியே ஒரு மணி நேரம் தேவைப்படுகிறது.

இங்கேதான் பெரும்பாலான இங்கிலீஷ் கார்னர்கள் கோட்டை விடுகின்றன. மாலை ஏழு மணிக்கு வெளிநாட்டு ஆசிரியர் வருகிறார். உடனே அவரைச் சுற்றி ஒரு வட்டம். முன்வரிசையில் நன்றாகப் பேசத் தெரிந்த மூன்று நான்கு பேர். பின்னால் எட்டிப்பார்த்துக்கொண்டு முப்பது பேர். எந்த ஊர், சீனச் சாப்பாடு பிடிக்குமா, குச்சியால் சாப்பிட வருமா, மாதச் சம்பளம் எவ்வளவு, ஆங்கிலத்தை எப்படி முன்னேற்றிக்கொள்வது? கேள்வி ஒரு வரி. பதில் ஐந்து நிமிடம். மணி எட்டாகும்போது ஆசிரியருக்குத் தொண்டை கட்டியிருக்கும். பின்வரிசைக்காரர் ஒரு சொல்கூட உதிர்த்திருக்க மாட்டார். பந்தி பரிமாற வந்தவரே இலை போட்டு உட்கார்ந்துவிட்ட கதைதான் இது. அந்த ஒரு மணியில் நாற்பது நிமிடம் ஆங்கிலம் பேசியவர், ஆங்கிலம் பேசக் கற்றுக்கொள்ளத் தேவையே இல்லாத ஒருவர்.

"கேட்பதும் பயிற்சிதானே?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி, இதற்கு ஆய்வுலகில் பதில் இருக்கிறது. கனடாவில் ஆங்கிலக் குடும்பத்துப் பிள்ளைகளைப் பிரெஞ்சு மொழியிலேயே எல்லாப் பாடமும் படிக்கவைக்கும் பள்ளிகள் 1965-இல் கியூபெக்கில் தொடங்கின. பல ஆண்டுகள் பிரெஞ்சையே கேட்டு வளர்ந்த அந்தப் பிள்ளைகள் கேட்டதை நன்றாகவே புரிந்துகொண்டார்கள். பேச்சும் எழுத்தும் மட்டும் இலக்கணத்தில் பின்தங்கியே இருந்தன. மெரில் ஸ்வெய்ன் என்ற ஆய்வாளர் இதைப் பார்த்து, 1985-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். கேட்கும்போது குத்துமதிப்பாகப் புரிந்துகொண்டு தப்பித்துவிடலாம். வாய் திறக்கும்போதுதான் நமக்கு எது தெரியவில்லை என்பது நமக்கே தெரியவருகிறது. அந்த நெருக்கடிதான் மொழியைக் கூர்மையாக்குகிறது.

அதே 1985-இல் மைக்கேல் லாங், பாட்ரிஷியா போர்ட்டர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் குழுப் பயிற்சி பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கற்பவர் இருவர் தமக்குள் பேசிக்கொண்டால் ஒருவர் பிழையை மற்றவர் பிடித்துக்கொள்வார் என்ற அச்சம் ஆசிரியர்களுக்கு எப்போதும் உண்டு. அந்த ஆய்வுகள் வேறு விதமாகச் சொல்லின: தாய்மொழிக்காரரோடு பேசும்போது செய்வதைவிட அதிகப் பிழைகளை, கற்பவர்கள் தமக்குள் பேசும்போது செய்வதில்லை. அதோடு நிறையப் பேசுகிறார்கள். "என்ன சொன்னாய், புரியவில்லை" என்று ஒருவரையொருவர் நிறுத்தி விளங்கிக்கொள்கிறார்கள். வெளிநாட்டு ஆசிரியர் முன்னால் புரியாவிட்டாலும் தலையாட்டிவிடும் பிள்ளை, தோழி முன்னால் அப்படித் தலையாட்டுவதில்லை.

ஆக, 1970-களின் கடைசியில் மரத்தடியில் தமக்குள் பேசிக்கொண்டிருந்தவர்கள் தெரிந்தோ தெரியாமலோ சரியானதையே செய்துகொண்டிருந்தார்கள்.

அப்படியானால் வெளிநாட்டு ஆசிரியர் எதற்கு? அவர் இருந்தால் கூட்டம் வருகிறது. அது சிறிய விஷயமில்லை. அவருடைய உண்மையான வேலை, வட்டத்தை உடைப்பது. முப்பது பேர் வந்தால் பதினைந்து ஜோடி. ஒரு மணி நேரத்தில் ஆளுக்கு அரை மணிப் பேச்சு. ஒரு பருவம் முழுக்க வகுப்பில் கிடைக்காதது ஒரே மாலையில் கிடைத்துவிடுகிறது. இருவர் இருவராக எதிரெதிரே இரண்டு வரிசையில் நிற்கவைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு வரிசையை மட்டும் ஓர் இடம் நகரச் சொன்னால், ஒரே விஷயத்தை ஆறேழு பேரிடம் சொல்ல வேண்டிவரும். முதல் முறை திக்கித் திணறிச் சொன்னதை நான்காம் முறை சரளமாகச் சொல்வதை அவர்களே உணர்வார்கள். ஆசிரியர் நடுவே நடந்துகொண்டே காது கொடுக்க வேண்டும், சிறு நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். யாரையும் பாதியில் நிறுத்தித் திருத்தக் கூடாது. கடைசிப் பத்து நிமிடத்தில், யார் சொன்னது என்று சொல்லாமல், பலருக்கும் பொதுவான நான்கைந்து பிழைகளைப் பலகையில் எழுதித் திருத்தினால் போதும்.

எதைப் பற்றிப் பேசுவது என்பதில் புதியவர்கள் பெரிதாக யோசித்துவிடுகிறார்கள். உலகமயமாக்கல், சுற்றுச்சூழல், தொழில்நுட்பத்தின் நன்மை தீமைகள். தாய்மொழியில் கேட்டாலே வாய் மூடிக்கொள்ளும் தலைப்புகள் இவை. உன் ஊரில் வசந்த விழாவுக்கு என்ன சமைப்பார்கள், விடுதி அறையில் உன்னோடு இருக்கும் ஏழு பேரில் யார் முதலில் எழுவார், உன் பாட்டி எந்த வேலையில் கெட்டிக்காரி என்று கேட்டுப் பாருங்கள். சொல்ல விஷயம் இருக்கிறவருக்குச் சொல் தேடும் உந்துதல் தானே வரும். ஒவ்வொருவருக்கும் தெரியாத ஒன்று மற்றவரிடம் இருக்க வேண்டும், அதுதான் சூட்சுமம். ஒருவர் கையில் படம், மற்றவர் கையில் வெற்றுத் தாளும் பென்சிலும். பார்ப்பவர் சொல்லச் சொல்ல வரைய வேண்டும். கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகள்கூட இதில் தம்மை மறந்து பேசிவிடுவார்கள்.

வேறு நிகழ்ச்சிகளும் உண்டு. திரைப்பட மாலை, கல்லூரி வானொலி, கிறிஸ்துமஸ் விழா, பேச்சுப் போட்டிக்கு நடுவராக இருப்பது. பேச்சுப் போட்டி அங்கே பெரிய விஷயம். ‘21-ஆம் நூற்றாண்டுக் கோப்பை’ 1996 முதல் தேசிய அளவில் நடக்கிறது. என் கருத்தில் இவற்றுள் பயன் குறைந்தது அதுதான். மனப்பாடம் செய்த ஐந்து நிமிட உரையை ஒருவர் ஒப்பிக்க, நானூறு பேர் கைதட்டிவிட்டுப் போகிறார்கள். பயன் மிகுந்தது நாடகம். பீட்டர் ஹெஸ்லர் என்ற அமெரிக்கர் 1996 முதல் 1998 வரை யாங்சி ஆற்றங்கரை ஊரான ஃபூலிங்கில், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கற்பித்தார். அமெரிக்க அரசின் ‘பீஸ் கோர்’ தொண்டர் அவர். பெரும்பாலும் கிராமத்துக் குடும்பங்களிலிருந்து வந்த அவருடைய மாணவர்கள் ஷேக்ஸ்பியரை நடித்தார்கள். 2001-இல் வெளிவந்த ‘ரிவர் டவுன்’ நூலில் அதை விரிவாக எழுதியிருக்கிறார். நடிக்கும்போது பிழை தன்னுடையதாக இல்லாமல் பாத்திரத்தினுடையதாகிவிடுவதால் பயம் விலகுகிறது. ஒத்திகைக்கு ஒத்திகை பேச்சு வளர்கிறது. அந்த மாணவர்கள் படிப்பு முடித்துக் கிராமப் பள்ளிகளுக்கு ஆங்கில ஆசிரியர்களாகப் போனார்கள் என்பதை நினைத்தால், அந்த ஒத்திகை மாலைகள் எத்தனை வகுப்பறைகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று மனம் நிறைகிறது.

பேச்சுக்கு எல்லைகளும் உண்டு; அதைச் சொல்லாமல் விடக் கூடாது. வெளிநாட்டு நிபுணர்களுக்கான சீன அரசு வாரியத்தின் மாதிரி ஒப்பந்தத்திலேயே, நிபுணர் என்ற தகுதிக்குப் பொருந்தாத மதச் செயல்பாடுகள் கூடாது என்ற விதி இருந்தது. தைவான், திபெத், தியானன்மென் ஆகிய மூன்றையும் தொடாதீர்கள் என்று புதிதாக வருகிறவர்களிடம் வாய்மொழியாகச் சொல்வதும் வழக்கம். இதில் ஆசிரியர் வீரம் காட்டுவதில் பொருளில்லை. அவருக்கு நேரக்கூடியது ஊர் திரும்பும் விமான டிக்கெட். விளைவைச் சுமப்பது அங்கேயே வாழ வேண்டிய மாணவர்.

இனி, அந்த ஒப்பந்த வரி. வாரத்துக்குப் பதினாறு வகுப்பையொட்டிய வேலை என்று சொல்லிவிட்டு, அதற்கு மேல் கார்னர், போட்டி, விழா என்று கணக்கில்லாமல் கூப்பிடும் நிர்வாகங்கள் உண்டு. ஆசிரியர்கள் முகம் சுளிப்பதும் உண்டு. இதில் நான் ஆசிரியர்கள் பக்கம். ஒரு மணி நேர உரையாடலைச் சரியாக நடத்த, ஒரு மணி நேரம் தயாரிக்க வேண்டும். நிர்வாகம் இதை உண்மையாகவே முக்கியமாக நினைத்தால் வேலை நேரத்தில் சேர்க்கட்டும். சேர்க்காதபோது ஆசிரியர் வெறுங்கையோடு வந்து நிற்பார், பழையபடி வட்டம் கூடும், பின்வரிசை ஊமையாகவே திரும்பும். எத்தனை மணி, மாதத்துக்கு எத்தனை முறை, ஜோடியாக உட்காரவைக்க நகர்த்தக்கூடிய நாற்காலிகள் உள்ள அறை கிடைக்குமா என்பதையெல்லாம் கையெழுத்துப் போடும் முன் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று என் மனதை உறுத்துகிறது. மொழி ஆசிரியர் தம் தாய்மொழியையே கற்பிக்க வேண்டும், அந்த மொழி பேசும் நாட்டில் பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்பதுதான் சீனப் பணி அனுமதியின் பொது விதி. நடைமுறையில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டுக் கடவுச்சீட்டுகளைத்தான் கேட்கிறார்கள். தோழியின் மகளுக்கு அந்தக் கதவு திறந்தது பிரிட்டிஷ் கடவுச்சீட்டால். முப்பது ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்த ஒரு மதுரைப் பேராசிரியருக்கோ யாழ்ப்பாணத்து ஆசிரியைக்கோ அது பொதுவாகத் திறப்பதில்லை. ஆங்கிலத்தைத் தாமே தட்டுத்தடுமாறிக் கற்றவர்கள் அவர்கள். நாக்கு எங்கே இடறும், எந்த வாக்கியத்தில் வெட்கம் வரும் என்று உள்ளிருந்து தெரிந்தவர்கள். வகுப்புக்கு வெளியே நடக்கும் பேச்சுப் பயிற்சிக்கு அந்த அறிவுதான் முதலில் வேண்டும்.

கடந்த சில ஆண்டுகளில் காட்சி மாறியிருக்கிறது. 1993-இல் சீனாவுக்கு வந்த பீஸ் கோர் 2020-இல் வெளியேறியது. பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் மூடிய எல்லைகள் 2023 ஜனவரியில்தான் முறையாகத் திறந்தன. இடைப்பட்ட காலத்தில் வெளிநாட்டு ஆசிரியர்கள் பலர் போனவர்கள் போனவர்களே. 2021 ஜூலையில் வந்த புதிய ஒழுங்குமுறை, வெளிநாட்டில் இருந்தபடி இணையம் வழியே சீனச் சிறுவர்களுக்குக் கற்பிக்க ஆளமர்த்துவதைத் தடைசெய்தது. ஆங்கிலம் வேண்டும் என்கிற மாணவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பேச ஆள் குறைந்திருக்கிறது. இப்போது போகிற ஆசிரியரின் ஒரு மணி நேரத்துக்கு முன்பைவிட மதிப்பு அதிகம்.

அந்த ஆசிரியருக்கு நான் வற்புறுத்திச் சொல்வது சீன மொழியைப் பற்றி. ஹெஸ்லர் ஃபூலிங்கில் சீன மொழியைப் பேசப் பழகியது தேநீர்க்கடைகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும். போய் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரோடெல்லாம் அரைகுறையாகப் பேசிப் பேசித் தேர்ந்தார். இதையே கார்னருக்குள் கொண்டுவரலாம். முதல் இருபது நிமிடம் சீனத்தில் நடக்கட்டும். ஆசிரியர் அன்று சந்தையில் என்ன வாங்கினார் என்று சொல்ல, மாணவர்கள் அவருடைய தொனிப் பிழைகளைத் திருத்தட்டும். நான்கு தொனிகளில் அவர் தடுமாறுவதைப் பார்த்துச் சிரித்து, திருத்தி, மறுபடி சொல்லவைத்த பிள்ளைகள், அடுத்த நாற்பது நிமிடம் ஆங்கிலத்தில் தாங்கள் தடுமாற அவ்வளவாக அஞ்ச மாட்டார்கள். அந்த இருபது நிமிடத்துக்குப் பின்வரிசையில் ஒதுங்கி நிற்கும் பிள்ளையையே ஆசிரியராக நியமித்துவிட வேண்டும். கடிகாரத்தையும் அந்தப் பிள்ளை கையில் கொடுத்துவிடலாம், மொழி மாற வேண்டிய நேரத்தையும் அதுவே அறிவிக்கட்டும்.